முழங்கால்

பி பிரிவுக் கிண்ணம். கல்முனையில் வாங்கியது.
மூடி சரியாக உட்காராது,
மேசையில் வைத்தால் காற்றுக்குத் தலையாட்டும்.
தம்பிலுவில் வெண்புறாவும் ஒலுவில் கலங்கரையும்
அக்கரைப்பற்று மைதானத்தில்.
கிழக்குக் கோடு என்னுடையது.

மூன்றரைக்கு என்று நோட்டீஸ்.
பிரதம அதிதி வந்து சேர நாலேகால்.
ஒவ்வொரு பொடியன்ட கையையும் பிடித்து
அவர் பெயர் கேட்டு முடிய நாலரை.
யாரும் கணக்கில் எடுக்காத அந்த ஒரு மணித்தியாலத்தில்
வெயில் இறங்கி
நேரே என் கண்ணுக்கு வரப் பாதை எடுத்துவிட்டது.

கச்சான் காற்று.
கச்சான் விற்கிறவன் சுருளை வாய்பொத்திக் கொடுக்கிறான்.
துப்பிய கோது துப்பியவன் மேலேயே வந்து விழுகிறது.

எண்பத்தேழாம் நிமிடம். பூச்சியத்துக்குப் பூச்சியம்.
நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து.
காற்று அதைக் கொஞ்ச நேரம் மேலே வைத்துப் பார்த்துவிட்டு
முஸாதிக்கின் முன்னால் இறக்கியது.
புவிதரன் கோலைவிட்டு வெளியே ஓடிவந்தான்.
பந்து அவன் கக்கத்தைக் கடந்து வலைக்குள்.
ஒலுவில் பக்கம் ஒரு குடை மேலே பறந்தது.
என் கொடியும் மேலே இருந்தது.

மத்தியஸ்தர் தவபாலனிடம் நான் சொல்லாதது:
பந்து காலைவிட்டுக் கிளம்பிய கணம்
நான் நிற்க வேண்டிய இடத்தில் இல்லை.
ஒன்றரை அடி பின்னால், தொடையில் பிடிப்பு.
கண்ணில் புழுதி, புழுதிக்குள் சூரியன்.
கண்டது இரண்டு கறுப்பு உருவம்.
ஒன்றின் முழங்கால் மற்றதற்கு அங்கால் நின்றது.
நின்றது என்றுதான் கை நினைத்தது.

"கொடிய வித்துப்போட்டான்டா!"
"இவனும் அவனுகட ஆள்தானே!"
என் மனைவியின் அக்கா தம்பிலுவிலில் வாழ்க்கைப்பட்டதை
இவர்களுக்கு யார் சொன்னது?
ஒரு செருப்பு வந்து விழுந்தது. இடது கால்.
ஜோடியும் வரும் என்று நின்றேன்.
வரவில்லை.

வெளிச்சம் போகிறது, மேலதிக நேரமில்லை, நேரே பெனால்டி.
நாலாவது ஆள் முஸாதிக்.
பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான்.
பாங்கு சொல்லத் தொடங்கியது.
நின்றுவிட்டான்.
கோலுக்குள் விரித்த கையைப் புவிதரனும் இறக்கினான்.
மைதானம் முழுக்க அப்படியே.
கச்சான்காரன் மட்டும் மிச்சக் காசு எண்ணிக்கொண்டிருந்தான், சத்தம் வராமல்.
பாங்கு முடிய, அடித்தான். கோல்.
ஆனாலும் நாலுக்கு மூன்று, வெண்புறா.

ஒருத்தன் வேர்வையோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்து
கையில் ஒரு நெக்டோப் போத்தலைத் திணித்தான்.
திறக்கவில்லை.
இன்னும் அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

வார நாளில் நான் வாய்க்கால் மதகில் நீர்மட்டம் வாசிக்கிறவன்.
அளவுக்கோல் தண்ணீருக்குள் நிற்கும், குனிந்து பார்ப்பேன்,
கொப்பியில் எழுதுவேன். பிழைத்தால் திரும்பவும் குனியலாம்.
அந்த ராத்திரி காரைதீவில், மின்விசிறிக்குக் கீழே கிடந்து
திரும்பத் திரும்பக் குனிந்தேன்:
முழங்காலா, புழுதியா,
மச்சாள் வீட்டுக் கறியா?

செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகிற வழியில்
ஒலுவில் சந்திப் பெற்றோல் செட்.
"ஐந்நூறுக்கு" என்றேன்.
தொப்பியை உயர்த்தியவன் முஸாதிக்.
குழாயைச் செருகினான். எண் ஓடத் தொடங்கியது.
"எது சேர் வெளியால கிடந்த? காலா, மண்டையா?"
மீட்டரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.
"முழங்கால்."
குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான்,
யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல.
"இதா, மத்ததா?"

அது எனக்குத் தெரியாது.

மீட்டர் ஐந்நூறில் நின்றது,
ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை.
மூடியை அவனே இறுக்கித் தந்தான்.
பின்னால் ஒரு ஓட்டோ
ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.